உங்களுக்குத் தெரியுமா? ஓட்டுச் சீட்டு முதல் குடிநீர் வரை

பிரேசிலில் 1994 வரை நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ வாக்காளரே சீட்டில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் அவர்கள் போட்ட ஓட்டுகள் பெருவாரியாகச் செல்லாமல் போயின. 1998-ல் 40,500-க்கு மேல் வாக்காளர்கள் உள்ள ஊர்களுக்கு மட்டும் மின்னணு இயந்திரம் வந்தது. எண்ணைத் தட்டினால் வேட்பாளரின் படம் திரையில் தெரியும். சரியென்றால் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். அந்த வரம்புக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்த ஊர்களைப் பொருளியல் அறிஞர் தாமஸ் ஃபுஜிவாரா ஒப்பிட்டுப் பார்த்தார். நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் புதிதாகக் கணக்கில் சேர்ந்திருந்தன, பெரும்பாலும் ஏழைகளின் ஓட்டுகள். அதன் பிறகு மாநிலங்களில் மருத்துவச் செலவு கூடியது. அதிகம் படிக்காத தாய்மார்கள் கர்ப்ப காலப் பரிசோதனைக்குப் போவது அதிகரித்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

*

2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தை ஜார்ஜ் புஷ் வென்றது 537 ஓட்டு வித்தியாசத்தில். அங்கே பாம் பீச் பகுதியில் கொடுத்த சீட்டில் வேட்பாளர் பெயர்கள் இடமும் வலமுமாக இருந்தன; குத்த வேண்டிய துளைகளோ நடுவில் ஒரே வரிசையாக இருந்தன. இடப்பக்கம் இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கம் முதலில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை! கோருக்குப் போட நினைத்த 2,000-க்கும் மேற்பட்டவர்கள் தவறிப்போய் புக்கானனுக்குக் குத்தினார்கள் என்று அரசியல் அறிஞர்கள் பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதியவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் அப்படி அச்சிட்ட சீட்டு அது.

*

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. பெற்றது சுமார் 44 சதவீத ஓட்டு. கிடைத்தது 39-ல் 37 இடம். தி.மு.க. சுமார் 24 சதவீதம் பெற்றும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தொகுதியில் முதலில் வந்தவருக்கே வெற்றி என்ற முறையில் இது நடக்கும். இந்த முறை சிறு கட்சிகளை ஒதுக்கி, போட்டியை இரண்டு பெரிய தரப்புகளுக்குள் சுருக்கிவிடும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவர்ஜே 1951-லேயே எழுதினார். நம் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணிப் பேச்சு சூடு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கை அதிபர் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடலாம். 2024 செப்டம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அங்கே முதல்முறையாக இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ண வேண்டி வந்தது.

*

ஒரு தலைவர் மாறினால் நாட்டின் பொருளாதாரம் மாறுமா? இதை அளக்க பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் இருவரும் 2005-ல் ஒரு வழி கண்டார்கள். பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ இறந்த தலைவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆட்சி மாற்றம் யாரும் திட்டமிட்டதல்ல. தனிநபர் ஆட்சியில் தலைவர் இறந்ததும் வளர்ச்சி வேகம் பெரிதாக ஏறியது அல்லது இறங்கியது. ஜனநாயக நாடுகளில் அப்படி ஒரு தடம் தெரியவில்லை.

*

தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்றவர், 1943 வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகப் பார்த்த அமர்த்தியா சென். அவர் சொன்னதைத் தொடர்ந்து டிமோத்தி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் இருவரும் இந்திய மாநிலங்களின் 1958 முதல் 1992 வரையிலான கணக்குகளைப் புரட்டினார்கள். விளைச்சல் பொய்த்தபோதும் வெள்ளம் வந்தபோதும், பத்திரிகை அதிகம் விற்ற மாநிலங்களில் அரசு கூடுதலாக உணவும் நிவாரணமும் கொடுத்திருந்தது. அதிலும் வேலை செய்தவை மாநில மொழிப் பத்திரிகைகளே.

*

1992-ல் நிறைவேறிய 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பது சுழற்சி முறையில் முடிவானதால், ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும் ஊர் ஊராக ஒப்பிட முடிந்தது. பீர்பூமில் பெண்கள் குடிநீர் கேட்டார்கள். சாலையும் கேட்டார்கள், சாலை வேலையில் அவர்களுக்குக் கூலி உண்டு. பெண் தலைவர்கள் வந்த ஊர்களில் இரண்டுமே கூடின. உதய்பூரில் பெண்கள் முக்கியமாகக் கேட்டது குடிநீர். அங்கே பெண் தலைவர்கள் தண்ணீருக்குக் கூட்டி, சாலைக்குக் குறைத்தார்கள். எல்லா இடத்திலும் கணவர்தான் பின்னால் இருந்து நடத்துகிறார் என்றால், செலவு இப்படிப் பெண்கள் கேட்ட பக்கம் சாய்ந்திருக்காது.

பீர்பூமில் பின்னர் வேறொரு சோதனையும் நடந்தது. ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். பார்த்துப் பழகிய ஊர்களில் அந்த வேறுபாடு சுருங்கிப்போனது. இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்களில், ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் கூடுதலாக நின்று கூடுதலாக வென்றார்கள். அங்கே பதின்ம வயதுப் பெண்களுக்கும் பையன்களுக்கும் இடையே படிப்பில் இருந்த இடைவெளியும் மறைந்தது. தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீடு இப்போது 50 சதவீதம்.

*

பிரேசில் அரசு 2003-ல் லாட்டரிக் குலுக்கல் மூலம் நகராட்சிகளைத் தேர்ந்தெடுத்துக் கணக்குத் தணிக்கை செய்யத் தொடங்கி, முடிவுகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஊழல் அம்பலமான மேயர்கள் பலர் தோற்றார்கள். உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் அடி இன்னும் பலம். அதே வானொலி, தணிக்கையில் கறைபடாதவர்களுக்கு மறுபடி வெல்ல உதவியது.