கறுப்பு எவ்வளவு கறுப்பு?

சென்ற வாரம் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எழுதுகையில், அது விநாடிக்கு நூறு பிம்பங்களைத் தயாரித்துக் கொடுத்தாலும், அவற்றை வாங்கிக் கண்ணுக்குக் காட்டும் சக்தி மானிட்டருக்கு இல்லாவிட்டால் அந்த உழைப்பில் பெரும்பகுதி விரயந்தான் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். விளையாட்டுக்காகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பிராசஸருக்கும் கார்டுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கையில் மிஞ்சியதைக் கொண்டு கடைக்காரர் காட்டிய மானிட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பல வருஷ காலம் தினந்தோறும் எதிரே உட்கார்ந்து பார்க்கப் போவது அந்தத் திரையைத்தான் என்பது அந்தச் சமயத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை.

திரைகளின் ஜாதி பேதத்தை அறிய அவற்றின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1888-இல் பிராக் நகரத்தில் ரெய்னிட்ஸர் என்ற தாவர சாஸ்திரி, கொலஸ்டிராலிலிருந்து கிடைத்த ஒரு பொருளைச் சூடேற்றியபோது, அது முதலில் கலங்கிய திரவமாகவும், இன்னும் சூடேறிய பிறகு தெளிந்த திரவமாகவும் இரண்டு தரம் உருகுவதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். திரவப் படிகம் என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்தக் கலங்கிய நிலையை எண்பது வருஷங்களுக்குப் பின், 1970-இல், ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் ஷாட், ஹெல்ஃப்ரிக் என்ற இருவர், மின்சாரத்தால் ஒளியை விடவும் மறிக்கவும் பயன்படுத்தினார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள படிகம் ஜன்னல் கதவைப்போல அந்த வெளிச்சத்தைத் திறந்து மூடும். எந்தக் கதவும் முழுக்க மூடுவதில்லை. ஆகையால் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வெளிச்சம் கசிகிறது. கதவு எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்ற இரண்டு விஷயங்களில்தான் ஒரு வகைத் திரைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அனேகமாக அடங்கியிருக்கிறது.

பாஸலில் பிறந்த டி.என். வகை வெகு காலம் வேகத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆனால் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பார்த்தாலே நிறம் திரிந்துவிடும். இன்று அதை வாங்கத் தக்க காரணம் விலை ஒன்றே. 1996-இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐ.பி.எஸ். வகையில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் நிலையாக நிற்கும். வேகத்திலும் இப்போது அது டி.என்.-க்குப் பின்தங்கியதல்ல. அதன் வெண்மை கருமையைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பிரகாசம்; வி.ஏ. என்ற மூன்றாவது வகையிலோ அது மூவாயிரம் மடங்கையும் தாண்டும். இரவுக் காட்சிகள் நிறைந்த கதை விளையாட்டுகளை விளக்கணைத்த அறையில் ஆடுகிறவர்களுக்கு வி.ஏ. தரும் இருட்டு மிகவும் திருப்தியானது. ஆனால் கருமையிலிருந்து மங்கிய சாம்பலுக்கு மாறுவதற்கு அந்தப் படிகம் தாமதிப்பதால், இருண்ட சுவரோரமாக ஓடும் எதிரியின் பின்னால் ஒரு கறை இழுபட்டுக்கொண்டே வரும். குறி பார்த்துச் சுடும் ஆட்டங்களில், யாரை எங்கே குறிவைப்பது என்று நிர்ணயிக்க வேண்டிய அதே க்ஷணத்தில், அந்தக் கறை கண்ணைக் குழப்பிவிடும்.

ஓலெட் திரையில் கதவும் இல்லை, பின் விளக்கும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. 1987-இல் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த டாங், வான் ஸ்லைக் இருவரும் இந்த முறைக்கு அஸ்திவாரமிட்டார்கள். கருமையின் பரிபூரணத்திலும் மாற்றத்தின் துரிதத்திலும் இதற்கு ஈடாக மற்ற வகைகளில் ஒன்றும் கிடையாது. விலை ஒருபுறமிருக்க, ஓரத்தில் அசையாமல் நிற்கும் வரைபடமும் டாஸ்க்பாரும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் திரையில் நிரந்தரமாகத் தழும்பு விழும் அபாயம் உண்டு. பகலெல்லாம் அலுவலக வேலையும் அதே திரையில் செய்கிறவர்கள் இதை யோசித்தே வாங்க வேண்டும்.

வேகக் கணக்குக்கு வருவோம். விநாடிக்கு 60 பிம்பங்களைக் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு பிம்பத்தை ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி நிறுத்தி வைக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரை சுமார் 7 மில்லி விநாடிதான். ஒரு முறை பழகியவர்களுக்குப் பழைய திரைக்குத் திரும்ப மனம் வராது. கார்டின் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கு இணங்க நடந்தால்தான் பிம்பம் நடுவில் கிழிபடாது. 2013-இல் என்விடியா ஜி-சிங்க் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இந்த சௌகரியம், இன்று ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் முறை வழியாகக் குறைந்த விலை மானிட்டர்களிலும் கிடைக்கிறது. புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரமென்று பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட ‘1 எம்.எஸ்.’ (ஒரு மில்லி விநாடி) என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்குவது உசிதமல்ல. அது பெரும்பாலும் அனுகூலமான ஒரு மாற்றத்தில் மட்டும் அளந்த அளவு.

பலவித ஆட்டங்களும் ஆடி, வேலையும் செய்கிறவர்களுக்கு, 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாத, ஃப்ரீசிங்க் உள்ள ஐ.பி.எஸ். திரையே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். கடையின் பளீரென்ற வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகாகவே தோன்றும். முழுக் கறுப்பான ஒரு படத்தைப் போடச் சொல்லி, முடிந்தால் விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டியவுடன் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, 144 என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். பல கம்ப்யூட்டர்களில், சொல்லாத வரையில், புதிய திரையும் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

(தொடரும்)