‘வா’ என்றாலும் வரவில்லை, ‘ரா’ என்றாலும் வரவில்லை!

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆர்.கே.பேட்டை. அங்கே தெருவில் நடந்தால் இரண்டு ஒலிகள் காதில் விழும். ஒன்று, விசைத்தறிகளின் ஓயாத ஓசை. மற்றொன்று, தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு.

இந்த ஊரில் ஒரு வீட்டில் மணி என்ற நாய்க்குட்டி வளர்வதாக வைத்துக்கொள்வோம். பாட்டி அதை ‘ரா, ரா’ என்று அழைக்கிறார். அப்பா ‘இங்கே வாடா’ என்கிறார். தங்கை ‘மணி, மணி’ என்று கத்துகிறாள். அண்ணன் விசில் அடிக்கிறான். மணி யாரிடமும் வரவில்லை. ‘சொன்ன பேச்சுக் கேட்காத நாய்!’ என்று அண்ணன் குச்சியைக் கையில் எடுக்கிறான்.

மாணவ நண்பர்களே, இங்கே குற்றம் யாருடையது? விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

பாவ்லோவின் நாய்கள்

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவைக் கண்டால் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது இயற்கை. உணவு தருவதற்குச் சற்று முன் ஓர் ஒலியை எழுப்பி, இதையே பலமுறை செய்தார் அவர். பின்னர் ஒலியைக் கேட்டவுடனேயே உமிழ்நீர் சுரந்தது! ஒலிக்கும் உணவுக்கும் நாயின் மூளை முடிச்சுப் போட்டுவிட்டது.

‘வா’ என்ற சொல்லும் நாய்க்கு முதலில் வெறும் ஒலிதான். ஒவ்வொரு முறையும் அதே சொல், உடனே அதற்குரிய பலன் என்று வந்தால்தான் பொருள் ஏறும். நாய் ‘வா’வையும் கற்கும், ‘ரா’வையும் கற்கும். ஆனால் இரண்டையும் யாராவது கற்பிக்க வேண்டும் அல்லவா?

சொல்லும் குரலும் கையும்

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில், மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க 13 நாய்களைப் பழக்கினார்கள். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில் கேட்டபோதுதான் அவற்றின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி நன்கு தூண்டப்பட்டது. 2016-இல் வெளிவந்த முடிவு இது. சொல் இனிமையாக இருந்து குரல் கடுகடுத்தால் பயனில்லை.

நம் நாட்டுத் தெருநாய்களும் இளைத்தவை அல்ல. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ரா குழுவினர், 160 தெருநாய்களின் முன்னே மூடிய கிண்ணங்களை வைத்து, ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினர். அச்சத்தால் பாதி நாய்கள் அருகில் வரவே இல்லை. வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு, கை காட்டிய கிண்ணத்தையே நாடின! பயிற்சியே பெறாத நாய்கள் இவை. இந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அறிவுக்குக் குறைவில்லை, அச்சம்தான் தடை என்பது தெரிகிறதல்லவா?

தலைவன் என்றால் யார்?

‘ஓநாய்க் கூட்டத்தில் சண்டையிட்டு வெல்வதே தலைவன். ஆகவே நாயையும் அடக்கி ஆள வேண்டும்’ என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. இதற்கு அடிப்படை, அடைப்பில் வைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதிய ஆய்வு. டேவிட் மெக் என்பவர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகளில் கவனித்து, 1999-இல் வேறு உண்மையைச் சொன்னார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். தலைவர்கள் வேறு யாருமல்லர், தாயும் தந்தையும்தான்!

பதற்றமில்லாமல் வழிகாட்டுவதே தலைமை.

குச்சி என்ன கற்பிக்கும்?

செருப்பைக் கடித்த நாய் தலையைக் குனிந்தால், ‘தப்பை உணர்ந்துவிட்டது’ என்கிறோம். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தவறே செய்யாத நாயும், திட்டியபோது அப்படியே குனிந்தது! 2009-இல் வெளிவந்த இந்த ஆய்வின்படி, நாம் காண்பது குற்ற உணர்வு அன்று, நம் கோபத்துக்கு அது காட்டும் எதிர்வினை.

போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். கண்டிப்பு மிகுந்த முறையில் பழக்கிய நாய்களிடம் மன இறுக்கத்தின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் உயர்வும் அதிகம் காணப்பட்டன.

அப்படியானால் நாயை அதன் போக்கில் விட்டுவிடலாமா? கூடாது. எல்லை வேண்டும். மேலே தாவினால் பேசாமல் திரும்பி நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் தட்டிக் கொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு நாய்க்கு ‘உட்கார்’ கற்பிப்போமா? சப்பாத்தித் துண்டு ஒன்றை அதன் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்புறமாக நகர்த்துங்கள். மூக்கு உயரும்போது பின்பகுதி தானே தாழும். உட்கார்ந்த அந்த நொடியிலேயே துண்டைக் கொடுங்கள். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. நன்கு பழகியதும், கையை நகர்த்துவதற்குச் சற்று முன் ‘உட்கார்’ என்று ஒரே முறை சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: பழக்கமில்லாத நாயிடமும், உண்ணும் நாயிடமும், குட்டி ஈன்ற நாயிடமும் இதைச் செய்ய வேண்டாம். நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிது. காலத்தோடு தடுப்பூசி போட்டால் நோயைத் தடுத்துவிடலாம்.

இப்போது மணியின் வழக்குக்கு வருவோம். பாட்டியும் அப்பாவும் பிள்ளைகளும் கூடிப் பேசி, ஒரே சொல்லாக ‘ரா’ என்று முடிவு செய்தார்கள் எனக் கொள்வோம். அண்ணன் குச்சியைப் போட்டுவிட்டுச் சப்பாத்தித் துண்டுடன் உட்காருகிறான். மணி வருமா, வராதா? உங்கள் தீர்ப்பு என்ன?