றங்கூன் பார்க்கப் போகும் எம்மவர்க்கு

கோடை விடுமுறைக்குத் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்வரும் எம்மவரின் தொகை ஆண்டுக்காண்டு கூடிவருகின்றது. பாங்கொக் வரை போகின்றோமே, அங்கிருந்து ஒன்றரை மணிநேரப் பறப்பில் இருக்கும் யாங்கோனையும் எட்டிப் பார்க்கலாமா, அங்கே பார்ப்பதற்கு என்னதான் உண்டு என்று வாசகர் சிலர் எம்மிடம் வினவியுள்ளனர். யாங்கோன் என்றால் எம்மவரில் பலருக்கு விளங்குவதில்லை. றங்கூன் என்றால் உடனே விளங்கும். 1989இல் இராணுவ அரசு பெயரை மாற்றும்வரை உலகம் அந்நகரை அப்படித்தான் அழைத்தது. எமது பாட்டன்மார் உண்ட அரிசி அங்கிருந்து கப்பலில் வந்தது. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தபோது இலங்கையில் அரிசிக்குப் பஞ்சம் வந்ததும் அதனால்தான். 'பராசக்தி' (1952) படத்தின் அண்ணன்மார் பிழைக்கப் போன ஊரும் இதுவே. 2005 நவம்பரில் அரசு நேப்பிடோவுக்குக் குடிபெயரும்வரை நாட்டின் தலைநகராகவும் விளங்கியது.

பயணத்திற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். 2021 பெப்ரவரி முதலாம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதன் பின் அந்நாடு உள்நாட்டுப் போருக்குள் வீழ்ந்தது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவிக்கப்பட்டதும் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் தாய்லாந்து எல்லையை நோக்கிச் சென்றனர். இத்தகைய நாட்டுக்குச் சுற்றுலா போகலாமா என்ற கேள்வி நியாயமானதே. வெளிநாட்டவரின் பணம் இராணுவத்தின் கைக்கே போய்ச் சேரும், வரவேண்டாம் என்று புலம்பெயர்ந்த பர்மியர் பலர் சொல்கின்றனர். உள்ளூரில் சிறுகடை வைத்திருப்பவனோ, வந்து பாருங்கள் என்கிறான். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. போவதானால் சிறிய விடுதிகளிலும் சிறிய கடைகளிலும் செலவழியுங்கள் என்பதே எமது கருத்து. படையினரையும் சோதனைச் சாவடிகளையும் படம் பிடிக்க வேண்டாம்; அரசியல் பேச்சை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். அதனால் துன்பம் நேர்வது உங்களுக்கல்ல, உங்களுடன் பேசியவருக்கே.

இன்னொன்று. அகதிப் பயணப் பத்திரம் மட்டும் வைத்திருப்போரும், தஞ்ச வழக்கு முடியாதோரும் இக்கட்டுரையை வாசிப்பதோடு நின்றுகொள்வது நன்று. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மியான்மார் கையொப்பமிடவில்லை. அங்கே சிக்கல் ஒன்று நேர்ந்தால் கையிலிருக்கும் பத்திரம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை எவரும் உறுதி சொல்ல முடியாது.

சுவடகோன்

எவர் போனாலும் முதலிற் காண வேண்டியது சுவடகோன் தாதுகோபமே. சிங்குத்தரக் குன்றின்மேல் ஏறத்தாழ 99 மீற்றர் உயரத்தில் பொன் வேய்ந்து நிற்கிறது. புத்தரின் எட்டுக் கேசங்கள் அதனுள் வைக்கப்பட்டிருப்பதாக ஐதீகம். இன்றைய உயரத்திற்கு அதனை எழுப்பியவன் 18ஆம் நூற்றாண்டின் சின்பியூசின் மன்னன். நான்கு திசையிலும் படிக்கட்டு மண்டபங்கள் உண்டு. தெற்கு வாயிலால் ஏறுவதே முறையானது. செருப்பை மட்டுமல்ல, காலுறையையும் கழற்ற வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோவிலுக்குப் போகும் எம்மவர்க்கு இது புதிதன்று. நண்பகலில் சலவைக்கல் தரை பாதத்தைச் சுட்டுவிடும். சூரியோதயத்திலோ பொழுதுபடும் வேளையிலோ செல்க. வலம் வருவது எமது கோவில்களைப் போல இடமிருந்து வலமாகவே.

மேல்தளத்தில் தாதுகோபத்தின் அடியைச் சுற்றி எட்டுக் கிரகத் தூண்கள் உள்ளன. வாரத்திற்கு ஏழு நாள்தானே, எட்டு எப்படி என்று கேட்பீர்கள். பர்மியர் புதன்கிழமையை இரண்டாக்கி, முற்பகலைப் புதனுக்கும் பிற்பகலை இராகுவுக்கும் கொடுத்துவிட்டனர். முற்பகற் புதனுக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை, ஞாயிறுக்குக் கருடன், சனிக்கு நாகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு. அவரவர் பிறந்த கிழமைக்குரிய இடத்தில் உருவத்தின்மேல் நீர் வார்த்து வணங்குகின்றனர். நவக்கிரகம் சுற்றிப் பழகிய எம்மவர்க்கு இவ்விடத்தில் அந்நியம் தோன்றாது. உங்கள் பிறந்த கிழமையை முன்பே கேட்டறிந்து செல்லுங்கள். திகதியையே ஏஜென்சிக்காரன் மாற்றியெழுதிய கடவுச்சீட்டில் வந்தவர்கள் தாயாரிடம் கேட்பதே நலம்.

இரு முடிகளின் இடமாற்றம்

குன்றிலிருந்து தெற்கே இறங்கினால், பயணக் கூட்டத்தார் பெரும்பாலும் நின்று பாராமற் போகும் இரண்டு இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றைக் காணாமல் வந்துவிட வேண்டாம்.

முதலாவது, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரின் சமாதி. 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அவரை டில்லியிலிருந்து றங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862 நவம்பர் 7ஆம் திகதி தமது 87ஆவது வயதில் இறந்தார். இடம் தெரிந்தால் எழுச்சிக்கு அது கொடியாகிவிடும் என அஞ்சி, அடையாளமின்றிப் புதைத்துப் புல்லை வளரவிட்டனர். 1991இல் கட்டட வேலைக்கு நிலம் தோண்டியபோதே செங்கல்லால் கட்டிய உண்மையான புதைகுழி வெளிப்பட்டது. இன்று அது தர்காவாக விளங்குகிறது. நிலவறைக்குப் படியிறங்கிப் பார்க்க வேண்டும். கவிஞராகிய மன்னரை அவ்வூர் முஸ்லிம்கள் மகானாகவே வணங்குகின்றனர்.

இரண்டாவது, பர்மாவின் கடைசி அரசி சுபயாலத்தின் கல்லறை. 1885இல் மண்டலேயைப் பிடித்த ஆங்கிலேயர் தீபோ மன்னரையும் அரசியையும் கப்பலேற்றி முதலில் சென்னைக்கும் பின்னர் இரத்தினகிரிக்கும் அனுப்பினர். தீபோ 1916இல் அங்கேயே இறந்தார். அவர் உடல் இன்றும் இரத்தினகிரியில்தான். அரசி மட்டும் 1919இல் றங்கூன் திரும்பி 1925இல் இறந்தார். ஆக, டில்லி மன்னர் றங்கூன் மண்ணில். பர்மா மன்னர் இந்திய மண்ணில். சுபயாலத்தின் பக்கத்திலேயே ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்த ஊ தாந்தும் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1974இல் அவரது உடலுக்கு உரிய மரியாதையை அன்றைய ஆட்சி மறுத்ததால் மாணவர் அதைப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்றதும், இரத்தம் சிந்தப்பட்டதும் வரலாறு.

மொகல் தெருவில்

நகரின் நடுவே சூலே தாதுகோபம். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் இதனை மையமாக வைத்தே தெருக்களைச் சதுரங்கப் பலகைபோல வகுத்தனர். ஒரு சந்தியில் நின்றபடி பௌத்த தாதுகோபம், பள்ளிவாசல், கிறிஸ்தவ தேவாலயம், மாநகர மண்டபம் நான்கையும் காணலாம். அதற்கு மேற்கே நடப்பவருக்குப் பழைய இந்தியப் பகுதி தொடங்கும்.

1931 குடிசன மதிப்பீட்டில் றங்கூனின் மக்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் தெலுங்கர், வட்டிக்கடையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார், வணிகத்தில் சோழியா முஸ்லிம்கள். இன்று சுவெபொந்தா வீதி எனப்படும் மொகல் தெருவிலேதான் செட்டியார்களின் பெட்டியடிகள் இருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் செட்டியாரிடம் போனது. 1937 அளவில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால்பங்கு அவர்கள் கையில் இருந்தது. பர்மியரின் கோபம் வானத்திலிருந்து விழுந்ததன்று. காரைக்குடி மாளிகைகளின் பர்மாத் தேக்கை வியப்பவர்கள் இதனையும் அறிந்திருப்பது நல்லது. ஆயினும் அக்கோபத்தின் அடி விழுந்தது பெரும்பாலும் செட்டியார்மேலல்ல, கூலிகள்மேலேயே. 1930இலும் 1938இலும் நடந்த கலவரங்களில் மாண்டோர் அவர்களே.

1942இல் யப்பானியர் வந்தபோது இலட்சக்கணக்கானோர் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரம். றங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அவ்வாறு நடந்தவரே. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் புலம்பெயர்ந்தோர் வீட்டில் இருக்க வேண்டியது.

போருக்குப் பின்னும் தங்கியவர்களை 1962இல் வந்த இராணுவ ஆட்சி அனுப்பியது. 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 சாட் தாள்கள் ஒரே அறிவிப்பிற் செல்லாமற் போயின. றங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பல்கள் ஓடின. அதே 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என எழுதிவைத்தது. ஒரே ஆண்டு, ஒரே கடல், இரு கரையிலும் அதே கணக்கு. சென்னையிலே பர்மா பசாரும் பர்மா நகர்களும் உண்டானது இவ்வாறே. சிலர் மனம் பொறாமல் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்று, எல்லையில் மறிக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டனர். அங்கே அங்காள பரமேசுவரிக்குக் கோவிலும் கட்டினர்.

எஞ்சியோரைக் காண வேண்டுமானால் 26ஆம், 27ஆம் தெருக்களுக்கு இடையே, அனோரதா வீதியிலுள்ள ஸ்ரீ காளி கோவிலுக்குச் செல்க. 1871இல் தமிழர் எழுப்பியது. கோபுரத்தின் வண்ணச் சிலைகள் எமது கோவில்களை நினைவூட்டும். நாம் சென்றிருந்தபோது படியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "தம்பி சிலோனா?" என்றார். எமது தமிழின் இழுவையே காட்டிக்கொடுத்துவிட்டது. தம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் விடை பர்மிய மொழியிலேயே வரும் என்றார். ஊருக்குப் போனீர்களா என்று கேட்டோம். "எந்த ஊருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்னரே அந்நாட்டில் குடியிருந்த இனத்தவரையே இயல்பான பிரசைகளாகக் கொள்கிறது. ஏனையோர் தாள்தாளாகக் காட்டி நிரூபிக்க வேண்டியவர்கள்.

அதே 26ஆம் தெருவில் 1890களில் கட்டப்பட்ட யூதர் ஆலயம் ஒன்றும் உண்டு. நகரில் எஞ்சியுள்ள யூதர் மிகச் சிலரே. ஆலயம் மட்டும் துப்புரவாகப் பேணப்படுகிறது.

செயலகமும் பல்கலைக்கழகமும்

சூலேக்குக் கிழக்கே செங்கல்லாலான பழைய செயலகம் ஒரு முழுத் தெருச் சதுரத்தை அடைத்து நிற்கிறது. 1947 ஜூலை 19ஆம் திகதி அமைச்சரவைக் கூட்டத்தில் 32 வயதான ஓங் சானும் உடனிருந்தோரும் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். இறந்த ஒன்பதின்மரில் கல்வியமைச்சர் அப்துல் ரசாக் ஒருவர். தந்தை தமிழ் முஸ்லிம், தாய் பர்மியப் பௌத்தர். மண்டலேயிலே பாடசாலை அதிபராயிருந்து பர்மாவின் விடுதலைக்கு உழைத்தவர். அந்நாட்டின் தியாகிகள் வரிசையில் தமிழ் இரத்தமும் உண்டென்பது எம்மவரிற் பலருக்குத் தெரியாது. உள்ளே அனுமதி இருந்தால் பாருங்கள். இல்லையேல் வேலியோரமாக ஒரு சுற்று நடந்து வருவதும் வீண்போகாது.

பல்கலைக்கழகம் வடக்கே, இன்யா ஏரிக்கு அருகில் இருக்கிறது. 1920இல் தோன்றியது. வாயிலில் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் வாதிட வேண்டாம். 1962 ஜூலை 7ஆம் திகதி மாணவரைச் சுட்ட படையினர், மறுநாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். ஓங் சானும் ஊ நுவும் மாணவராய்ப் பேசிய கட்டடம் அது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2013 வரை இளநிலை மாணவர் அவ்வளாகத்தில் இல்லாமலே இருந்தனர். 1981இல் யாழ். நூலகம் எரிந்ததன் பின்னரும் விரிவுரை செய்தவர்கள் நாம். கட்டடத்தை அழிக்கிறவன் எதைக் கண்டு அஞ்சுகிறான் என்பதை அந்த வளாகத்தில் எவரும் எமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேரம் மிகுந்தால் நகரைச் சுற்றிவரும் புகையிரதம் உண்டு. 46 கிலோமீற்றர், மூன்று மணிநேரம் வரை பிடிக்கும். ஓடுகிறதா என்று நிலையத்திற் கேட்டறிக. 1926இல் கட்டப்பட்ட பழைய ஸ்கொட் சந்தையில் இரத்தினக்கல் வாங்க நினைப்போர், கல்லைப் பற்றித் தெரியாவிட்டால் வாங்காதிருப்பதே மேல். டொலர் தாள்கள் மடிப்பும் அழுக்கும் இல்லாமல் இருக்க வேண்டும். கசங்கியதை வாங்க மறுப்பார்கள்.

உணவுக்கு அஞ்ச வேண்டாம். காலையில் மீன் குழம்பில் நூடில்ஸ் இட்ட மொஹிங்கா. சைவர்கள் அனோரதா வீதியில் தமிழர் நடத்தும் கடைகளைத் தேடிச் செல்லலாம். தேநீர்க் கடையில் பணியாளரைக் கையசைத்துக் கூப்பிடுவதில்லை; உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் ஒலியெழுப்புவார்கள். எம்மவருக்குக் கூச்சமாயிருக்கும், காத்திருந்தாலும் வருவார்கள். பரோட்டாவைப் 'பலாத்தா' என்றும் தோசையைத் 'தோஷே' என்றும் கேட்டால் கிடைக்கும்.