பத்துக்குப் பன்னிரண்டு

'வீட்டிலிருந்தே கடமையாற்றுக' என்ற அறிவித்தல் வந்தபொழுது என் உள்ளத்தில் முதலில் எழுந்த வினா, 'எந்த வீட்டிலிருந்து?' என்பதே. நானுஓயாவை அடுத்த தோட்டமொன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் நால்வராக வாழும் ஆசிரியன் நான்.

2020 மார்ச் 11 இல் நாட்டிலிருந்த இலங்கையர் ஒருவருக்குக் கொரோனா நோய் முதன்முதலாக உறுதியாயிற்று. 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20 ஆம் திகதி மாலை ஊரடங்கு பிறந்தது. 1885 இல் நானுஓயாவை எட்டிய புகைவண்டியின் கூவலும் அடங்கியது. இந்நிலை இரு வாரமோ, இரு மாதமோ, யாரறிவார்?

ஆயினும் ஆயத்தமானேன். அரிசிப் பெட்டி மேசையாயிற்று. கதவின் உட்புறம் கரும்பலகையாயிற்று. கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் மூலையைத் தேடிக் கடைசியில் இஸ்தோப்பின் ஓரத்தில் கண்டுகொண்டேன். அடுத்த வீட்டுச் சேவலும் அதே மூலையைத்தான் விரும்பியது!

பொழுது புலருமுன்பே அம்மா கூடையும் படங்குமாகப் புறப்பட்டாள். ஊரடங்கிலும் தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது. கொழுந்து நோய்க்கு அஞ்சிக் காத்திருப்பதில்லை. ஏறக்குறைய வாரத்துக்கொருமுறை கிள்ளாவிடில் முற்றிவிடும். என் மேசையைப் பார்த்துச் சிரித்தாள்:

"தம்பி, ஓ வேல வீட்டுக்கு வந்திருச்சு. நா மலையத் தூக்கிட்டு வர முடியுமா?"

அந்த ஏப்ரலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1883 ஜூலை 30 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், முதன்முறையாக இணையவழிக்கு மாறியது. வாங்குவோரும் விற்போரும் தத்தம் இல்லத்திலிருந்தே விலை பேசினர். நூற்றாண்டு கடந்த வழக்கம் சில வாரங்களில் வீட்டுக்குள் வந்துவிட்டது. கிள்ளும் கரங்களுக்கு மட்டும் அந்த வழி இல்லை. அன்று அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். நிறை குறைந்தால் அரைப்பேர்.

என் வகுப்போ? காலையில் பாடம் அனுப்பினால் பதிலே வராது. மாணவர் சோம்பேறிகள் என்று கருதி இரண்டு நாள் சினந்தேன். மூன்றாம் நாள்தான் விளங்கிற்று: வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி, தந்தையின் சட்டைப்பையில் மலைக்குப் போயிருந்தது.

பாடவேளையை இரவு ஏழரைக்கு மாற்றினேன். குளிரில் இஸ்தோப்பில் நிற்கவியலாது. அலை விட்டுவிட்டு வந்தாலும் உள்ளேதான் அமர வேண்டும். அந்நேரம் அம்மா உறங்கத் தொடங்கியிருப்பாள். விடியுமுன் மீண்டும் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டுமல்லவா? விளக்கைத் தாழ்த்தி, போர்வைக்குள் வாயை வைத்துப் பின்னங்கணக்கைப் பதிவுசெய்து அனுப்பினேன்.

மறுநாள் ஒரு சிறுமி கேட்டிருந்தாள்: "சேர், ஏன் ரகசியமாப் பேசுறீங்க?"