குறிப்பேட்டில் உண்மை எழுதப்பட வேண்டுமானால்

முதல் வகை நீரிழிவு உள்ள வளரிளம் பருவத்தினர் சிலரின் குறிப்பேட்டில் சர்க்கரை அளவுகள் யாவும் சீராகவே எழுதப்பட்டிருக்கும். ஆனால் கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அளவு மிகுந்திருக்கும். அத்தகைய வேளையில் நாங்கள் முதலில் கேட்டறிய விரும்புவது, வீட்டில் அந்த அளவுகளைப் பற்றி எவ்வாறு பேசப்படுகிறது என்பதையே.

“மறுபடியும் 280-ஆ? என்னத்தைத் தின்னே?” என்ற கேள்வி அக்கறையில் பிறப்பதுதான். எனினும் பருவமடையும் காலத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் முதலியவை இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. ஆகவே, உணவில் பிழையே இல்லாத நாளிலும் சர்க்கரை உயரலாம். செய்யாத தவற்றுக்குத் திட்டு வாங்கும் பிள்ளை, அடுத்த முறை அளவை மாற்றி எழுதக் கற்றுக்கொள்கிறது.

இதன் விளைவு பெரிது. தவறவிட்ட ஊசியைப் போட்டதாக எழுதினால், மருத்துவர் மருந்தளவைக் கூட்டக்கூடும். பின்னர் அதை முழுமையாகப் போடும் நாளில் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். ஊசியைத் தொடர்ந்து தவிர்த்தாலோ வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்மூச்சு, மயக்கநிலை எனக் கீட்டோ அமில நிலை தோன்றலாம். இவ்வறிகுறிகளைக் கண்டால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

பெற்றோருக்குச் சில பரிந்துரைகள்: பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் முதலில் அன்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள், சர்க்கரை அளவைப் பிறகு கேட்கலாம். ‘நல்லது’, ‘மோசம்’ என்னாமல் ‘அதிகம்’, ‘குறைவு’ என்றே சொல்லுங்கள். உறவினர் முன்னிலையில் இப்பேச்சு வேண்டாம். ஊசியைத் தவறவிட்டதாகப் பிள்ளை சொன்னால், “சொன்னது நல்லதாப் போச்சு, இப்ப என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட கேப்போம்” என்று தொடங்குங்கள்.

பிள்ளை காரணமின்றிச் சீறினால், பதிலுக்குச் சினவாமல் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் எரிச்சல் அதன் அறிகுறியாகவும் இருக்கலாம். 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். பேச்சு அதன்பின் இருக்கட்டும்.

இளையோரே, உங்களுக்கு எவ்வகை உதவி வேண்டுமென நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். “அம்மா, வந்ததும் கேக்காதீங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி நானே சொல்றேன்” என்று சொல்லி, அவ்வாறே நடந்துகொண்டால் நம்பிக்கை வளரும். மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினாலும் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டை உள்ளது உள்ளபடியே கொண்டு வாருங்கள். எழுதாமல் விட்ட நாள்களை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள். அங்கிருந்தே நாம் சேர்ந்து தொடங்குவோம்.