'ஆன்டி' இரண்டு

ஆங்கில அகராதியில் 'ஆன்டி' எனத் தொடங்கும் சொற்கள் பல பக்கங்களை நிரப்பி நிற்கின்றன. செவிக்கு ஒன்றேபோலப் படினும் அவற்றுள் இருவேறு முன்னொட்டுகள் உள்ளன. ஒன்று இலத்தீன் மொழியினின்று வந்தது. 'முன்' என்னும் பொருளது. ஈ என்னும் ஆங்கில எழுத்தால் முடிவது. மற்றொன்று கிரேக்க மொழியினது. 'எதிர்' என்னும் பொருளது. ஐ என்னும் எழுத்தால் முடிவது. தமிழில் எழுதுமிடத்து இரண்டும் நம்மூர் ஆண்டிக்கு உடன்பிறந்தாரேபோலத் தோன்றுதலின், மாணவர் மயங்குதல் இயல்பே.

இம்மயக்கத்தைச் சிறிதெனக் கருதற்க. கருவுற்ற மகளிரைப் பேணும் மருத்துவப் பகுதிக்கு 'ஆன்டிநேட்டல்' என்று பெயர்; 'பிறப்பிற்கு முற்பட்ட' என்பது பொருள். அதில் ஈயை நீக்கி ஐயைப் பெய்துவிடின், பிறப்பையே பகைக்கும் பகுதியாய் முடியும்! பத்திரத்தில் எழுதிய நாளுக்கு முந்திய நாளை இடுதல் 'ஆன்டிடேட்'. நஞ்சினை முறிக்கக் கொடுக்கும் மருந்து 'ஆன்டிடோட்'. முன்னதற்கு ஈ, பின்னதற்கு ஐ.

இனி, அருகி வழங்கும் சிலவற்றை நோக்குவோம். 'ஆன்டிடிலூவியன்' என்பது 17ஆம் நூற்றாண்டில் ஸர் தாமஸ் பிரௌன் என்னும் மருத்துவப் புலவர் நூலிற் காணப்படுவது. நோவா காலத்துப் பெருவெள்ளத்திற்கு முற்பட்டது என்பது நேர்ப்பொருள். இக்காலத்தார் மிகப் பழைய கொள்கையையோ கருவியையோ எள்ளுதற்கே இதனை வழங்குவர்.

'ஆன்டிபொடீஸ்' என்பது 'எதிர்ப்பாதத்தார்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். உலகம் உருண்டையாதலின், நம் காலடிக்கு நேர் மறுபுறத்தே வாழ்வாரின் பாதம் நம் பாதத்தை நோக்கியிருக்குமன்றோ! நியூஸிலாந்திற்குத் தென்கிழக்கே 1800இல் ஆங்கில மாலுமிகள் கண்ட சிறு தீவுகள், கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய நேர் எதிரே அமைந்தமையால் இப்பெயரையே பெற்றன.

இவை யாவற்றினும் நம்மை நகைப்பிப்பது 'ஆன்டிமக்காஸர்'. மக்காஸர் என்பது செலிபிஸ் தீவின் துறைமுகம். அதன் பெயரால் விற்கப்பட்ட கூந்தல் தைலத்தை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தலை வழியப் பூசினர். பைரன் கவிஞரும் 1819இல் வெளிவந்த 'டான் ஜுவான்' காவியத் தொடக்கத்தில் இதனைக் கேலியாகக் குறித்துள்ளார். தலை சாய்ந்த நாற்காலியெல்லாம் பிசுக்கேறவே, இல்லத்தரசியர் சாய்மானத்தின்மேல் துணி விரித்தனர். அத்துணியே 'மக்காஸருக்கு எதிரி'. தைலம் மறைந்தது, துணியோ இரயில், விமான இருக்கைகளில் இன்றும் உள்ளது.

எழுத்தை மட்டும் நம்பினும் ஏமாற்றமுண்டு. 'ஆன்டிசிபேட்' என்னும் சொல்லில் ஐ நிற்பினும் அது இலத்தீன் 'முன்'னே. முன்னரே கைக்கொள்ளல் என்பது அதன் மூலப்பொருள். இத்தாலியர் உணவிற்கு முன் உண்ணும் 'ஆன்டிபாஸ்டோ'வும் அத்தகையதே. அது எவ்வுணவிற்கும் பகையன்று.

இவ்விரு முன்னொட்டுகளும் உண்மையில் ஒரு குலத்தனவே. முகப்பு, நெற்றி எனப் பொருள்படும் ஒரு தொல்வேரினின்று இரண்டும் பிறந்தன என்பர் மொழிநூலார். முகப்பில் நிற்பது முன்னும் ஆகும். நோக்குவார்க்கு எதிரும் ஆகும். தமிழர்க்கு இது புதிதன்று. பகைவனை எதிர்க்கிறோம், இனி வருங்காலத்தை எதிர்காலம் என்கிறோம். அன்றியும், 'ஆன்டிசிபேட்' என்பதற்கு நாம் கூறும் தமிழ் 'எதிர்பார்த்தல்' என்பதேயாம்.