பாட்டு வருகிறது, பாடகரைக் காணோம்: டாலிகஞ்ச் வாசகர்களின் இயர்போன் கேள்விகள்

தீபாவளிச் சலுகை விற்பனை இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் எதை வாங்குவது, போன தடவை வாங்கியது ஏன் இப்படி ஆனது என்று கேட்டு அந்தமானிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பலவற்றில் டாலிகஞ்ச் முகவரி. ஒருவருக்கு இயர்போனில் இசை கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் கேட்கவில்லை. இன்னொருவருக்கு மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் எல்லாம் சரியாகக் கேட்கிறது, விட்டால் போய்விடுகிறது. மூன்றாமவர் போனைச் சந்தேகப்பட்டு சர்வீஸுக்கே கொடுத்துவிட்டார். மூன்று பேருக்கும் கோளாறு ஒன்றுதான். அதை முதலில் பார்த்துவிடலாம். வாங்கும் விஷயம் அதிலிருந்தே தெளிந்துவிடும்.

தீவுக்காரர்களின் அவசரம் நியாயமானது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்த பிறகு பாட்டு நொடியில் இறங்குகிறது. அதைக் கேட்கும் கருவியோ, பேட்டரி உள்ளதாக இருந்தால், பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. மாற்றித் தருவதற்கான ஏழு நாளோ பத்து நாளோ, பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும். 744 என்று தொடங்கும் பின்கோடுக்கு வந்து திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பணம் கட்டும் முன்பே அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

குரல் எப்படிக் காணாமல் போகிறது?

வயர் உள்ள இயர்போனின் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். மைக் வைத்தது என்றால் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் வளையங்கள் தெரியும். அவை பின்னை நான்கு உலோகத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு. அடுத்தது வலது காதுக்கு. மூன்றாவது கிரவுண்டு. வயரை ஒட்டிய கடைசித் துண்டு மைக்குக்கு. இன்று விற்கும் போன்களில் அநேகமாக இந்த வரிசைதான்.

இரண்டு காதுக்கும் போன மின்சாரம் திரும்பி வருவதற்கு அந்த மூன்றாவது துண்டு ஒன்றுதான் வழி. காதுக்கு ஒன்றாக இரண்டு வழி வைத்திருக்கலாம். ஒரு துண்டை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்த ஒற்றை வழி அறுந்தால் சத்தம் அடியோடு நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். நிற்பதில்லை. இடது ஸ்பீக்கரைத் தாண்டி வந்த மின்சாரம், கிரவுண்டுக்குப் போக முடியாமல், வலது ஸ்பீக்கருக்குள் பின்பக்கமாக நுழைந்து வலது கம்பி வழியாகப் போனுக்குத் திரும்புகிறது. வலது பக்கத்திலிருந்து வருவதும் அதே பாதையில் எதிர்த்திசையில் முட்டுகிறது. அப்போது இரண்டு காதிலும் கேட்பது இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்த மிச்சம்.

கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிக்கும் பலம் சரிசமம் என்றால் கயிறு நகராது. பாடகரின் குரலுக்கு நேர்வது அதுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலை இடதிலும் வலதிலும் ஒரே அளவில் வைப்பார்கள். அதனால்தான் அது நமக்கு நேர் எதிரே நின்று பாடுவதுபோல் கேட்கிறது. கழித்தால் பூச்சியம். ஒரு பக்கம் ஒதுக்கி வைத்த வயலினும் கிதாரும் கோரஸும் தப்பிவிடும். குரலின் எதிரொலி இரண்டு பக்கமும் வேறுவேறாகப் பரவியிருப்பதால் அதுவும் மிஞ்சும். பாடகர் போய்விட்டார், அவருடைய எதிரொலி மட்டும் தூரத்தில் கேட்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருப்பது பிரமை இல்லை, துல்லியமான வர்ணனை. டிரம்ஸின் அடியும் பேஸ் கிதாரும் பெரும்பாலும் நடுவில் இருப்பவை என்பதால் அவையும் போய், பாட்டு சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். கரோக்கேக்காகக் குரலை நீக்கித் தரும் பழைய மென்பொருள்கள் இதே கழித்தலைத்தான் வேண்டுமென்றே செய்தன.

இதை உறுதிப்படுத்த மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு பழைய பாட்டு போதும். தமிழில் ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் படம் என்று பரவலாகச் சொல்லப்படுவது 1978-ல் வந்த இளையராஜாவின் ‘பிரியா’. அதற்கு முந்தைய பாடல்கள் மோனோ. இடதும் வலதும் ஒன்றே. கிரவுண்டு அறுந்த இயர்போனில் ஐம்பதுகளின் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். குரல் மட்டுமல்ல, பாட்டே கிட்டத்தட்ட அடங்கிப்போகும். வானொலிச் செய்தியும் அப்படியே. பிறகு புதுப் பாட்டு ஒன்றைப் போட்டால் குரலில்லாமல் இசை மட்டும் ஓடும். இரண்டும் நடந்தால் கோளாறு கிரவுண்டில்தான், ஸ்பீக்கரில் இல்லை. பழைய பாட்டை ஸ்டீரியோவாக மாற்றியிருக்கிறோம் என்று சொல்லி ஏற்றிய பதிப்புகளை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

கிரவுண்டு ஏன் அறுகிறது?

முதல் காரணம் உப்பு. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையமே டாலிகஞ்சில் இருக்கிறது. கடற்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று அந்த ஊருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பின்னில் மின்னும் தங்க நிறம் பித்தளை மேல் ஏற்றிய மெல்லிய பூச்சு. மலிவான பின்களில் அது தங்கமே இல்லை. பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் பட்டால் கறை படியும், தொடுப்பு விடும். கூடவே போனின் துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு சேர்ந்து, பின் கடைசிவரை இறங்காமல் நின்றால், எந்தத் துண்டு எதைத் தொட வேண்டுமோ அது தொடாது.

இரண்டாவது காரணம் மனிதர்கள் செய்த குழப்பம். மூன்றாவது துண்டு கிரவுண்டு, நான்காவது மைக் என்ற வரிசைக்கு சி.டி.ஐ.ஏ. என்று பெயர். இதை அப்படியே தலைகீழாக்கி மூன்றாவதை மைக்குக்கும் நான்காவதைக் கிரவுண்டுக்கும் வைத்த ஓ.எம்.டி.பி. என்ற வரிசை பழைய நோக்கியா போன்கள் பலவற்றில் இருந்தது. இரண்டுக்கும் பின் ஒரே அளவு, ஒரே தோற்றம், கச்சிதமாக உள்ளே போகும். ஒன்றை மற்றொன்றில் செருகினால் இரண்டு காதின் மின்சாரமும் மைக்கைக் கடந்துதான் திரும்ப வேண்டும். மைக் அதை எளிதில் விடாது, கிரவுண்டு அறுந்ததற்குச் சமம். பட்டனை அமுக்கினால் குரல் திரும்பும் மர்மம் இங்கேதான். அந்தப் பட்டன் செய்வதெல்லாம் மைக் கம்பியையும் கிரவுண்டுக் கம்பியையும் ஒன்றோடொன்று தொடவைப்பது. தொட்ட கணம் மைக்கைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குவழி திறக்கிறது, பாடகர் வந்துவிடுகிறார். புது இயர்போனிலேயே இப்படி என்றால் ரிப்பேருக்கு வேலை இல்லை. மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு வரிசையையும் மாற்றித் தரும் சிறு கன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எந்த வரிசை என்று அச்சிடும் நிறுவனங்கள் அபூர்வம். இருபது ஆயிரம் ஹெர்ட்ஸ் என்று அச்சிட இடமிருக்கிறது, இதற்கு மட்டும் இடமில்லை.

உப்புக் கோளாறு என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் துளைக்குள் இருக்கும் பஞ்சை மெதுவாக வெளியே எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம். மொபைல் ரிப்பேர் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துப் பின்னைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு செருகி நாலைந்து முறை சுழற்றுங்கள். அப்படியும் குரல் வரவில்லை என்றால், பாட்டை ஓடவிட்டபடி பின்னை ஒட்டிய வயரைச் சிறிது சிறிதாக வளைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் குரல் வந்து போனால் கம்பி உள்ளே முறிந்திருக்கிறது. புதுப் பின் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சில நூறு ரூபாய் இயர்போனுக்கு அந்தக் கூலி கட்டுமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

எம்.ஆர்.பி.: இதற்கு மேல் விற்கக்கூடாது என்று தயாரிப்பாளரே அச்சிடும் எண். பொருளின் மதிப்பு அல்ல. 4,999-ஐ அடித்து 899 என்று போட்டால் அது 899 ரூபாய்ப் பொருள், அவ்வளவுதான்.

பி.ஐ.எஸ். பதிவு எண்: வயர்லெஸ் ஹெட்போன்களுக்கு இது கட்டாயம். ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கங்களும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு உண்மையா என்று பாருங்கள். அரசு பார்த்திருப்பது ஷாக் அடிக்குமா, சூடேறித் தீப்பிடிக்குமா என்பதைத்தான். பாட்டு நன்றாகக் கேட்குமா என்பதை இல்லை. அந்த முத்திரையைத் தரச் சான்று என்று விளம்பரம் செய்வது பாதி உண்மை.

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை: எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை இந்த வரிக்குப் பொருள் இல்லை. எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது.

ஐ.பி.எக்ஸ்.4: நாலா பக்கமிருந்தும் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். தெளித்தது நல்ல தண்ணீர். கடல் நீரும் வியர்வையும் கணக்கில் இல்லை. கீழே பொடி எழுத்தில் தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

ஈ.என்.சி.: விற்பவர் இதைச் சத்தம் குறைப்பது என்பார். யாருக்குக் குறைக்கும் என்று கேளுங்கள். உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலை மைக்கிலிருந்து நீக்கி, மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக்குவது ஈ.என்.சி. உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது ஏ.என்.சி. மலிவு பட்ஸ்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது.

40 மணி நேரம்: பட்ஸ் மட்டும் அல்ல, டப்பாவில் வைத்துத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றியதையும் கூட்டி. வால்யூமும் பாதியில்.

அப்படியானால் எதை வாங்குவது?

500 ரூபாய்க்குள் என்றால் வயர் உள்ளதுதான். அபர்தீன் பஜாரில் கடையிலேயே உங்கள் போனில் செருகி, ஒரு பழைய பாட்டும் ஒரு புதுப் பாட்டும் கேட்டு வாங்குங்கள். மூன்று அளவு ரப்பர் முனைகள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். காதுத் துளையை ரப்பர் சரியாக அடைக்காவிட்டால் பேஸ் கேட்காது. விலை உயர்ந்ததை வாங்கினாலும் கேட்காது. ஆயிரத்துக்கு மேல் பட்ஸ் வாங்குவதென்றால், தீவிலேயே சர்வீஸ் அல்லது திரும்ப எடுக்கும் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள். பட்ஸில் ஒரு பக்கம் போனால் பெரும்பாலும் இரண்டும் போனதுபோல்தான். தினமும் மணிக்கணக்கில் வகுப்பு கேட்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நுழைப்பதைவிட, காதின் மேல் உட்கார்வது நல்லது. கழற்றி மாட்டும் வயர் உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்பு முதலில் தின்பது வயரைத்தான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

ஆன்லைன் வகுப்பில் சேர்ந்ததும் புளூடூத் ஒலி டப்பாவாகிறதே? மைக்கைத் திறந்ததும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்குகிறது. மைக்கை மட்டும் லேப்டாப் மைக்காக மாற்றுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மெதுவாகக் கேட்கிறது? காதழுக்கு வலையை அடைத்திருக்கும். வலையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து உலர்ந்த மென்பிரஷால் தட்டுங்கள்.

சுத்தம் செய்தும் அப்படியே இருக்கிறது? போன் செட்டிங்ஸில் இடது வலது சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்ஸில் ஒன்று இணையவே இல்லை? போனில் பெயரை நீக்கிவிட்டு, இரண்டையும் டப்பாவில் வைத்து ரீசெட் செய்து மறுபடி இணையுங்கள்.

டைப்-சி இயர்போன் ஒரு போனில் பாடுகிறது, மற்றதில் பாடவில்லை? சில போன்கள் அந்தத் துளையில் டிஜிட்டல் சமிக்ஞையை மட்டுமே தரும். டேக் என்னும் சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

மழையில் நனைந்துவிட்டது? சார்ஜ் போடாதீர்கள், துடைத்துக் காற்றாடவிடுங்கள், ஹேர் டிரையர் வேண்டாம்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சத்தம் கூடக்கூட நேரம் வேகமாகக் குறையும்.

விற்றவர் மாற்றித்தர மறுக்கிறார்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள்.

பார்சல் வந்த அன்றே பிரித்து, பழைய பாட்டு, புதுப் பாட்டு, ஒரு போன் அழைப்பு என மூன்றையும் சோதித்துவிடுங்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கெடு முடிந்துவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. விற்றவர் சென்னையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். அதற்குச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு. பில்லை அதுவரை பத்திரமாக வையுங்கள்.